காரணம் கேட்கும் உரிமை

சித்திரைப் பௌர்ணமியன்று, இடுக்கி எல்லையிலுள்ள மங்கலதேவி மலையேறிக் கண்ணகியை வணங்கி வரும் குடும்பங்கள் நம்முள் பல உண்டு. அப் பத்தினித் தெய்வத்தின் வழக்கு யாது? பொற்கொல்லன் சொல்லை நம்பி, தீர விசாரியாமல், கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே தன் தவற்றை உணர்ந்து உயிர் துறந்தான். மன்னனின் மனச்சாட்சி பெரிதே. ஆயினும் கோவலன் மீளவில்லை. மனச்சாட்சியற்ற ஒருவன் அந்த அரியணையில் இருந்திருப்பின், கண்ணகி யாரிடம் முறையிட்டிருப்பாள்?

இக்கேள்விக்கு மக்கள் கண்ட விடையே எழுதப்பெற்ற அரசியல் சட்டம். ஆற்றுக்குக் கரை வேண்டும். அரசுக்கு வரம்பு வேண்டும். ஆள்வோர் நல்லவரா, தீயவரா என்பதை நம்பியிராமல், எவர் ஆண்டாலும் கடக்கலாகாத எல்லைகளைச் சட்டமே வகுத்துவிடுகிறது. யாம் சட்டக் கல்லூரியின் வாயிலை மிதித்தறியோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகக் கோப்புகளுடன் காலங் கழித்து வருகின்றோம். ஆயினும் இவ்வெல்லைகள் நிலைபெற்ற வரலாறு நம் மண்ணோடு தொடர்புடையதாகையால், அறிந்த அளவில் இங்குக் கூறத் துணிந்தோம்.

பாலக்காட்டு மாவட்டத்து ஆனைக்கரை, அம்மு சுவாமிநாதன் பிறந்த ஊர். அவ்வம்மையார் சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றவர். பின்னர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து லோக் சபைக்கும் சென்றார். 1949 நவம்பரில் நிர்ணய சபையில் பேசுகையில், அரசியல் சட்டமென்பது சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் சிறு நூலாக இருக்கும் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், இதுவோ மிகப் பருத்துவிட்டதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். 395 ஷரத்துக்களும் 8 அட்டவணைகளும் கொண்ட நூல் பருமனாக இராமல் வேறெவ்வாறு இருக்கும்? ஆனால் அந்நூலின் வலிமை பக்கங்களின் எண்ணிக்கையில் இல்லை என்பது விரைவிலேயே வெளிப்பட்டது.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் பார்லிமெண்டு தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியது. பாலக்காடு அப்போது சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. மலபாரின் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதலே காவலில் இருந்தார். சாதாரணக் குற்றச் சட்டப்படி விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தான பின்னரும் அவர் வெளிவர இயலவில்லை. 1950 மார்ச்சு 1 அன்று, புதிய சட்டத்தின் கீழ் மீண்டும் ஓர் உத்தரவு அவரிடம் தரப்பட்டது. அவர் கொள்கை நமக்கு உடன்பாடா, அன்றா என்பது இங்கே கேள்வியன்று. உடன்பாடற்றவனுக்கும் உரித்தாவதே உரிமை.

கோபாலன் 32ஆம் ஷரத்தின்படி நேரே சுப்ரீம் கோர்ட்டை அணுகினார். வழக்கறிஞர் எம். கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். 1950 மே 19 அன்று தீர்ப்புக் கிடைத்தது. ஆறு நீதிபதிகளில் நால்வர் சட்டம் செல்லும் என்றனர். பார்லிமெண்டு வகுத்த நடைமுறை எதுவாயினும் அதுவே போதும் என்பது அவர்கள் கருத்தின் சாரம். மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலில் வைத்ததற்கான காரணங்களைக் கைதி கோர்ட்டுக்கும் வெளியிடலாகாது, வெளியிட்டால் குற்றம் என்று கூறிற்று. அதனை மட்டும் ஆறு பேரும் ஒருமுகமாகச் செல்லாதென்று நீக்கினர். அரசு வென்ற வழக்கிலேயே, காரணத்தை மூடிவைக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றாயிற்று!

மாறுபட்ட தீர்ப்பளித்த இருவருள் ஒருவர் நீதிபதி பசல் அலி. வெறும் நடைமுறை போதாது. குற்றச்சாட்டை அறிவித்தலும், தன் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளித்தலும், நடுநிலை விசாரணையும் அதில் அடங்கவேண்டும் என்றார் அவர். அன்று அது சிறுபான்மைக் குரல்.

ரயில்வே ஊழியராகிய எமக்கு மற்றொரு வழக்கும் நெருக்கமானது. நிரந்தர ஊழியரையும், குற்றம் இன்னதெனக் கூறாமலே, நோட்டீசு கொடுத்து நீக்கலாமென்று ரயில்வே விதி ஒன்று இருந்தது. வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் பியூனாகப் பணிபுரிந்த மோதிராம் டேகா அதனை எதிர்த்தார். 1963 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவ்விதி 311ஆம் ஷரத்துக்கு முரணென்று தள்ளியது. ஒரு பியூனின் கேள்விக்கு மாபெரும் நிர்வாகம் பணிந்தது. இன்று எம் போன்றோர் அச்சமின்றி மேசை முன் அமர்ந்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

எனினும் கரை உடைந்த காலமும் உண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவும் கொண்டுவர இயலாதென்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே நான்குக்கு ஒன்றாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறி நின்றார். ஏட்டில் எழுதிய காப்பு தானே காவாது. அதனைத் தாங்கி நிற்கும் நெஞ்சுரமும் வேண்டுமென அந்நாள் உணர்த்திற்று.

உடைந்த கரை பின்னர் கட்டப்பட்டது. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்ட அரசு, அதற்கான காரணம் கூற மறுத்தது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருத்தல் வேண்டுமென்றது. 28 ஆண்டுகளுக்கு முன் பசல் அலி விதைத்தது முளைத்துவிட்டது. அதே ஆண்டில் 44ஆவது திருத்தம், உயிருக்கும் உடல் விடுதலைக்கும் காப்பளிக்கும் 21ஆம் ஷரத்தை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்கலாகாதென விதித்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சுப்ரீம் கோர்ட்டு 2017இல் தவறென்று நீக்கிவிட்டது.

கோபாலன் இவற்றைக் காணவில்லை. 1971இல் நம் பாலக்காட்டுத் தொகுதியிலிருந்து லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், நெருக்கடி நிலை விலக்கப்பட்ட மறுநாள், 1977 மார்ச்சு 22 அன்று, காலமானார். வழக்கில் தோற்றவர் எழுப்பிய வினாவோ தோற்கவில்லை.

அன்பர்களே! நமது சங்கப் படிப்பகத்தில் அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று இடம்பெறல் வேண்டும்; அதனை நம் சிறுவர் சிறுமியர் புரட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். அந்நூல் சட்டைப் பையில் அடங்காதுதான். ஆனால் அது நமக்களித்த "காரணம் யாது?" என்ற கேள்வி எளியவன் நாவிலும் அடங்கும். கண்ணகி அதனைக் கேட்கக் கணவனை இழக்க வேண்டியிருந்தது. நாம் இழப்பு நேருமுன்னரே கேட்கலாம். அதுவே இச்சட்டம் நமக்குத் தந்துள்ள பேறு.