ஊர்ப் பந்தயத்திலிருந்து ஏலம் வரை: கல்லூரி கபடி ரெய்டரை எடைபோட்ட வரலாறு

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த உப்பள ஊர். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுடன் சேர்த்துப் பேசப்படும் தமிழ்நாட்டின் முக்கியமான உப்பு உற்பத்திப் பகுதிகளில் இதுவும் ஒன்று. கோடை வெயிலில்தான் பாத்திகளில் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கி, வேலை நின்றுவிடும். ஆண்டில் சில மாதங்கள் கூலி இல்லாமல் கழியும் இத்தகைய ஊர்களில், மகன் கபடியில் கெட்டிக்காரன் என்றால் அடுத்து வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதனால் ஒரு வேலை கிடைக்குமா?”

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. ரெய்டர், அதாவது பாடிச் செல்பவர், செய்யும் வேலை பெரிதாக மாறவில்லை. எதிரணிப் பகுதிக்குள் தனியாக நுழைந்து, ஆளைத் தொட்டு, மூச்சு விடாமல் பாடியபடி திரும்பி வர வேண்டும். ஆனால் அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மாறியபோதெல்லாம் அவரை அளக்கும் முறையும் மாறியது. கிராமத்து இளைஞர் ஒருவர் கல்லூரி அணி வழியாகத் தொழில்முறைக் கபடிக்குச் செல்லும் பாதையை இவ்வரலாற்றின் வழியாகவே புரிந்துகொள்ள முடியும்.

ஊர்ப் பந்தயத்தின் அளவுகோல்

சடுகுடு, பலிஞ்சடுகுடு என்ற பெயர்களில் தமிழகத்தில் ஆடப்பட்ட விளையாட்டுக்கு ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டன. இந்திய அளவில் மூன்று வகைகள் பரவலாக அறியப்பட்டன. சஞ்சீவினி முறையில், எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் அணியில் முன்பு வெளியேறிய ஒருவர் களத்துக்குத் திரும்புவார். ஜெமினி முறையில் வெளியேறியவர் திரும்புவதில்லை. அமர் முறையில் தொடப்பட்டவர் வெளியேறுவதே இல்லை, எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும்.

விதி மாறும்போது ரெய்டரின் மதிப்பும் மாறியது. வெளியேறியவர் திரும்ப முடியாத ஆட்டத்தில், பிடிபடாமல் நிதானமாக ஆடுபவரே அணிக்கு விலைமதிப்புள்ளவர். தொடப்பட்டாலும் களத்திலேயே நிற்கலாம் என்ற ஆட்டத்தில் துணிந்து பாய்பவருக்கு மதிப்பு கூடியது. இன்றைய கபடி சஞ்சீவினி முறையின் வளர்ச்சி. எனவே இன்றைய ரெய்டருக்கு நிதானம், துணிச்சல் இரண்டும் தேவை.

பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி நடக்கும் ஊர்ப் பந்தயங்களில் ஏடு வைத்து யாரையும் மதிப்பிடுவதில்லை. பல ஊர்களின் ஆட்டங்களைப் பார்த்த பெரியவர்களின் நினைவே பதிவேடு. “கூட்டத்துக்கு முன் கால் தடுமாறாதவன்”, “பிடித்தாலும் கோட்டைத் தொட்டுவிடுவான்” போன்ற சொற்களில் மதிப்பீடு அமையும். இதில் குறை உண்டு. உள்ளூர்ப் பாசமும் சாதிச் சார்பும் கண்ணை மறைக்கும். ஆனால் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அந்தக் கண்கள் கூர்ந்து கவனித்தன. பின்னாளில் வந்த புள்ளிவிவரங்கள் இதைத் தனியாகக் கணக்கிடத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின.

சான்றிதழும் வேலையும்

1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் கபடியைக் காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்திய கபடிக் கூட்டமைப்பு உருவானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கப் போட்டியானது. அதன்பின் நிறுவன அணிகளின் செல்வாக்கு பெருகியது. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எப்., தமிழ்நாடு காவல்துறை, மின்வாரியம் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்தன.

இந்தக் காலத்தில் அளவுகோல் சான்றிதழாக மாறியது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குப் படிவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பன்னாட்டுப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4. கல்லூரி கபடியின் முக்கியத்துவம் இங்கே தொடங்குகிறது. மரக்காணத்து மாணவர் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, மண்டலப் போட்டியைக் கடந்து அகில இந்தியப் போட்டிவரை சென்றால் அவர் கையில் ஒரு படிவம் இருக்கும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு வந்தபின் அதன் மதிப்பு மேலும் கூடியது.

இந்தப் பாதையில் சிகரம் தொட்டவர்கள் தமிழகத்தில் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். அதே தங்க அணியில் ஆடிய கே. பாஸ்கரன் பின்னர் பயிற்சியாளராகப் புகழ்பெற்றார்.

சான்றிதழ் முறையிலும் குறை இருந்தது. அணி எவ்வளவு தூரம் சென்றது என்பதைத்தான் அது காட்டும், அணிக்குள் ஒருவர் எப்படி ஆடினார் என்பதைக் காட்டாது. வலுவான அணியின் மாற்று வீரருக்கும் படிவம் கிடைக்கும். வலுவற்ற அணியைத் தோளில் சுமந்து முதல் சுற்றில் தோற்ற ரெய்டருக்கு எதுவும் கிடைக்காது.

ஏலத்தின் வருகை

2014 ஜூலையில் எட்டு அணிகளுடன் புரோ கபடி லீக் தொடங்கியது. முதல் பருவத்தில் பாஸ்கரன் பயிற்சியளித்த ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு ஏலத்தில் மிக அதிக விலை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12.80 லட்சம் ரூபாய். 2017இல் தமிழ் தலைவாஸ் உள்பட நான்கு அணிகள் புதிதாகச் சேர்ந்தன. 2018இல் மோனு கோயத் 1.51 கோடிக்கும், 2021இல் பர்தீப் நர்வால் 1.65 கோடிக்கும், 2022இல் பவன் ஷெராவத் 2.26 கோடிக்கும் ஏலம் போயினர். 2014க்குப் பின் எட்டே ஆண்டுகளில் உச்ச விலை ஏறத்தாழ 18 மடங்கானது. நால்வருமே ரெய்டர்களாகப் பெயர் பெற்றவர்கள்.

கல்லூரி வீரர்களுக்கும் கதவு திறந்தது. 2022 ஏலப் பட்டியலில், பெங்களூருவில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியின் இறுதிக்கு வந்த இரண்டு கபடி அணிகளின் 24 வீரர்கள் சேர்க்கப்பட்டனர். அந்த ஏலத்தில் ‘ஏ’ பிரிவின் அடிப்படை விலை 30 லட்சம், ‘டி’ பிரிவின் அடிப்படை விலை 6 லட்சம். ஏலத்துக்கு வெளியே, ‘புதிய இளம் வீரர்கள்’ என்ற வகையில் அணிகள் நேரடியாகவும் ஆள் எடுக்கின்றன. 2018இல் இந்த வகையில் டெல்லி அணிக்கு வந்த நவீன் குமார் சில ஆண்டுகளில் லீக்கின் முன்னணி ரெய்டரானார்.

புள்ளிகளுக்குள் இருப்பது

கல்லூரிப் போட்டியில் ஒருவர் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி எடுத்தார் என்றால் அவர் லீக்கிலும் எடுப்பாரா? மதிப்பிடுபவர்கள் சில கேள்விகளைக் கேட்கிறார்கள்.

முதலாவது, எத்தனை ரெய்டுகளில் அந்தப் புள்ளி வந்தது? ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 14 ரெய்டுகளில் 10 புள்ளி எடுத்து 2 முறை பிடிபடுகிறார். மற்றவர் 25 ரெய்டுகளில் 10 புள்ளி எடுத்து 9 முறை பிடிபடுகிறார். ஏட்டில் இருவரும் சமம். ஆனால் பிடிபடும் ஒவ்வொரு முறையும் எதிரணிக்கு ஒரு புள்ளி சேர்கிறது. அதைக் கழித்தால் முதலாமவரால் அணிக்கு மிச்சம் 8, இரண்டாமவரால் மிச்சம் 1. தவிர, பிடிபட்டவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அணி தன் முதன்மை ரெய்டர் இல்லாமல் ஆட வேண்டும்.

இரண்டாவது, அவை எத்தகைய புள்ளிகள்? எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி கிடைக்கும். போனஸில் வல்லவர் அணிக்குத் தேவைதான். ஆனால் ஆளைத் தொட்டு வெளியேற்றும் புள்ளிதான் நம் அணியின் ஒருவரைக் களத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். போனஸ் அதைச் செய்யாது.

மூன்றாவது, கட்டாயத்தில் எப்படி ஆடுகிறார்? தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் புள்ளியின்றி முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ரெய்டர் வெளியேறுவார். ‘வாழ்வா சாவா’ ரெய்டு எனப்படும் இதில், வருவார் என்று தெரிந்தே காத்திருக்கும் தடுப்பு வீரர்களை எதிர்கொள்ள வேண்டும். முப்பது நொடிக்குள் இதைச் செய்பவரைக் கண்டுபிடிப்பதே தேர்வாளரின் முதல் வேலை.

நான்காவது, எதிரில் இருந்தவர்கள் யார்? மாவட்ட அளவில் தடுப்பு வீரர்கள் தனித்தனியாகப் பாய்வார்கள். லீக்கில் கார்னரும் கவரும் சங்கிலியாகக் கை கோத்து நகர்வார்கள். தனி ஆளின் கணுக்கால் பிடியிலிருந்து தப்பும் வலு, சங்கிலிப் பிடிக்கு முன் போதாமல் போகலாம்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே எதிரணியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வீழ்த்தும் ‘பாஸ் ரஷர்’களைக் கல்லூரி அணிகளிலிருந்து தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ முறையில் தேர்ந்தெடுக்கின்றன. இம்முறை 1936 முதல் நடக்கிறது. ஆனால் அவர்களின் முதன்மைச் சாதனையான ‘சாக்’ அதிகாரப்பூர்வமாக எண்ணப்பட்டது 1982இல்தான். எண்ணத் தொடங்கியபின் எண்ணிக்கையே திறமை என்ற மயக்கமும் வந்தது. வலுவற்ற கல்லூரிகளுக்கு எதிராகக் குவித்த எண்ணிக்கை தொழில்முறை ஆட்டத்தில் கரைந்துபோவது அங்கேயும் வழக்கம்.

மண்ணும் மேட்டும்

ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. கடலோரச் சிறுவர்கள் பழகுவது மணலிலும் களிமண் தரையிலும். பெரிய போட்டிகளோ செயற்கை மேட்டின் மேல் காலணியுடன் நடக்கின்றன. மணல் காலை வாங்கிக்கொள்ளும். மேட்டில் கால் பிடித்து நிற்கும், திரும்பும் வேகம் கூடும், அதே அளவு முழங்காலுக்குச் சுமையும் கூடும். மண்ணில் மட்டும் ஆடிய ரெய்டரை ஒருநாள் தேர்வில் மேட்டின்மேல் நிறுத்தினால் அவரது உண்மையான வேகம் தெரியாமல் போகலாம். உப்பளப் பகுதி மாணவருக்குக் கல்லூரி தரும் பெரிய உதவி, பல நேரங்களில், பழகுவதற்கு ஒரு மேட்.

இரண்டு பருவங்களின் பாடம்

2022 அக்டோபரில் தமிழ் தலைவாஸ் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. 2.26 கோடிக்கு வாங்கப்பட்ட பவன் ஷெராவத் அந்த ஆட்டத்திலேயே முழங்காலில் காயமடைந்து பருவம் முழுவதும் விலகினார். 2017 முதல் தொடர்ந்து மூன்று பருவங்கள் பட்டியலின் அடியில் முடித்திருந்த அணிக்கு இது பேரிடி. ஆனால் அதிகம் அறியப்படாத இளம் ரெய்டர் நரேந்தர் அந்தப் பொறுப்பை ஏற்று 240க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகளை எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. 2023இல் பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு வாங்கியது. அவர் நன்றாகவே ஆடினார், எனினும் அந்த அணி 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று கடைசி இடம் பெற்றது.

விலை உயர்ந்த ரெய்டர் வீண் என்பது இதன் பொருளல்ல. ஏல விலை கடந்த பருவத்து ஆட்டத்துக்குத் தரப்படுவது. அடுத்த பருவத்து முழங்காலையும், பக்கத்தில் நிற்கப்போகும் ஆறு பேரையும் அது அளப்பதில்லை. வயதைக் கொண்டு மட்டும் ஒதுக்குவதும் தவறாகலாம். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தடுப்பு வீரர் தர்மராஜ் சேரலாதன், 2016இல் தம் 41ஆம் வயதில் பாட்னா பைரேட்ஸின் தலைவராகக் கோப்பையை வென்றார்.

பெண்களுக்கு இல்லாத ஏலம்

பெண் ரெய்டர்களுக்கு இந்தத் தொழில்முறைச் சந்தை ஏறக்குறைய மூடியே உள்ளது. 2016இல் மூன்று அணிகளுடன் நடந்த மகளிர் கபடி சேலஞ்ச் தொடரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா தங்கம் வென்ற அணியில் ஆடினார். திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ் ஆண்கள் அணியில் தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் வழங்கியது. அபினேஷுக்கு முன்னால் ஏலம் என்ற வழியும் இருக்கிறது. கார்த்திகாவின் தலைமுறைக்குப் படிவமும் ஒதுக்கீட்டு வேலையும்தான் இன்னும் முதன்மை வழி.

எதை எடைபோடுகிறோம்

தமிழகத்தின் பெயர் தாங்கிய அணியில் தமிழக வீரர்கள் குறைவு என்ற விமர்சனம் தொடர்ந்து எழுகிறது. கல்லூரி ஆட்டங்களில் யார் எத்தனை ரெய்டு சென்றார், எத்தனை முறை பிடிபட்டார், கட்டாய ரெய்டில் என்ன செய்தார் என்ற பதிவு ஒழுங்காக இருந்தால், தேர்வாளரின் பழக்கத்தையும் அறிமுகத்தையும் நம்பி நிற்கும் நிலை குறையும். இதற்கு ஒரு நோட்டும் ஆட்டத்தை அறிந்த ஒரு மாணவரும் போதும்.

லீக் ஒப்பந்தம் சில பருவங்களுக்கானது. விடுவிக்கப்பட்டவர் மீண்டும் ஏலத்துக்கு வர வேண்டும். ஒதுக்கீட்டு வேலை ஓய்வு பெறும்வரை நீடிக்கும். எனவே கல்லூரி ரெய்டர் ஒருவர் பட்டப்படிப்பையும் படிவம் 3ஐயும் கைவிடாமல் ஏலத்துக்குச் செல்வதே பாதுகாப்பானது. ஏலத்தில் விலை போகாவிட்டாலும், மழைக்காலத்தில் பாத்தி மூழ்கும்போது வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவரும் வழி அவரிடம் இருக்கும்.