மஅபர், மலபார்: ஒலியால் நெருங்கிய இரு பெயர்கள்

மலபார் என்பது ஆங்கிலத்தில் இன்று கேரளக் கடற்கரையைக் குறிக்கும் பெயர். மிளகு, கடற்கரை முதலிய சொற்களுக்கு முன் பெயரடையாகவும் வரும். ஆனால் 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான ஐரோப்பிய ஆவணங்கள் பலவற்றில் இதே சொல் 'தமிழ்', 'தமிழருக்குரிய' என்ற பொருளில் வருகிறது. இதனோடு ஒலியில் நெருங்கிய மஅபர் என்ற அரபுப் பெயரோ, இராமநாதபுரம் கரை உள்ளிட்ட கிழக்குக் கடற்கரையைக் குறித்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாவிட்டால், தமிழரைப் பற்றிய செய்திகள் கேரளத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

சொற்பிறப்பு

மஅபர் (மாபார் எனவும் எழுதுவர்) 'கடத்தல்' என்னும் பொருளுள்ள அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. 'கடக்கும் இடம்' என்பது அதன் பொருள். இலங்கைக்குக் கடந்து செல்லும் கரை என்பதால் இப்பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். மலபார் என்பது 'மலை' என்ற திராவிடச் சொல்லோடு, நிலம் அல்லது கரையைக் குறிக்கும் அயல்மொழி ஈறு சேர்ந்து அமைந்தது. ஆகவே இரண்டும் வேறு வேறு சொற்கள்.

இராமேசுவரக் கரைக்கு உள்நாட்டில் வழங்கிய பெயரும் கடத்தலைச் சார்ந்ததே. சேது என்றால் அணை, பாலம். அதைக் காப்பவர் என்ற பொருளில் இராமநாதபுரம் மன்னர்கள் சேதுபதி எனப்பட்டனர். எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளும் தம் காசுகளில் 'சேது' என்று பொறித்தனர்.

பயணிகளின் குறிப்புகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மஅபரையும் மலபாரையும் தனித்தனி நாடுகளாகவே விவரித்தார். இலங்கைக்கும் மஅபருக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதினார். 1340களில் வந்த இபின் பதூதாவும் மிளகு விளையும் மேற்குக் கரையையும் மஅபரையும் பிரித்தே கூறினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான்களின் அரசு வரலாற்று நூல்களில் மஅபர் சுல்தானகம் எனப்படுகிறது. அவர் குறிப்பிடும் பத்தன் என்ற துறைமுகம், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அங்குச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன.

தமிழுக்கு மலபார் என்ற பெயர்

போர்த்துக்கீசியர் முதலில் அறிந்தது மேற்குக் கரையை. அங்குப் பழகிய பெயரையே பின்னர் கிழக்குக் கரை மக்களுக்கும் மொழிக்கும் இட்டனர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றீக்கசு பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதன் போர்த்துக்கீசியத் தலைப்பில் மொழியின் பெயராக மலபார், தமிழ் என்ற இரு சொற்களும் சேர்ந்தே நிற்கின்றன.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ் நூல்களின் பட்டியலுக்கு 'மலபார் நூலகம்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பு வைத்தார். 1716இல் வெளிவந்த அவருடைய இலக்கண நூலின் தலைப்பிலோ தமிழின் பெயர் இருந்தது. 1779இல் சென்னையில் வெளியான பப்ரீசியசின் அகராதி, மலபார் – ஆங்கில அகராதி என்றே தன்னை அறிவித்தது. ஐரோப்பியர் பொதுவாக மலபார் என்று அழைப்பது தமிழ் மொழியையே என்ற விளக்கமும் அதன் நீண்ட தலைப்பில் உண்டு. தலைப்பின் முதற்சொல்லை மட்டும் பார்ப்பவர் இதை மலையாள அகராதி என்றே எண்ணக்கூடும்.

சட்டத்தில் நிலைத்த சொல்

இச்சொல்லின் பொருள் சொத்துரிமையையும் தொட்டது. யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் ஆணைப்படி கிளாசு ஐசாக்சு 1707இல் தொகுத்து முடித்தார். இதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் இதற்குச் சட்ட வலு அளித்தபோது, 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளின்' வழக்கம் என்று குறித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்து வகைகளும், நிலத்தை விற்கும்போது பங்காளிகளுக்குரிய முன்னுரிமையும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே 'மலபார் குடி' யார் என்ற கேள்வி வழக்குகளில் எழுந்தது. அச்சொல் தமிழரைக் குறிக்கிறது என்றே நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. ஆயினும் தமிழராக இருந்தால் மட்டும் போதாது, யாழ்ப்பாணக் குடியாகவும் இருக்க வேண்டும் என்றன. சேதுக் கடலைக் கடந்து இலங்கையில் குடியேறிய ஒருவருக்குத் தமிழர் என்பதனால் மட்டும் இச்சட்டம் பொருந்தாது.

இன்றைய வழக்கு

19ஆம் நூற்றாண்டில் 'தமிழ்' என்ற பெயரே ஆங்கிலத்தில் நிலைபெற்றது. மலபார் மேற்குக் கரைக்கே உரியதாகச் சுருங்கியது. ஆனால் பிரான்சின் ஆட்சியிலுள்ள ரியூனியன் தீவில், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் 'மல்பார்' எனப்படுகின்றனர்.

பழைய ஆவணத்தில் இச்சொல் வரும்போது, அது எழுதப்பட்ட காலத்தையும் இடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதப்பட்டிருந்தால், மலபார் என்பது பெரும்பாலும் தமிழே.