பிணையின் வரலாறும் நம் பொறுப்பும்



நீதிமன்ற வளாகங்களில் அன்றாடம் ஒலிக்கும் 'ஜாமீன்' என்னும் சொல் 'ளாமின்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பொறுப்பேற்பவர் என்பது அதன் பொருள். ஃபிக்ஹு நூல்களில் 'கஃபாலத்' எனத் தனியொரு பாடமே உண்டு. பிறருடைய கடனுக்குப் பொறுப்பேற்பதைப் போலவே, ஒருவரை உரிய நாளில் காஜியின் முன் கொண்டுவந்து நிறுத்துவதாகப் பொறுப்பேற்பதும் அப்பாடத்தில் இடம்பெறுகிறது. ஆகவே ஜாமீன் என்பதன் வேர் மனிதரின் வாக்கும் நம்பகமுமே ஆகும். அந்த இடத்தைச் சொத்தும் பணமும் பிடித்துக்கொண்டது எவ்வாறு என்பதையும், அதை மாற்ற நம் நாட்டில் நடந்த முயற்சிகளையும் சுருக்கமாகக் காண்போம்.

சட்டம் வந்த வழி

ஆங்கிலேயர் ஆட்சியில் 1861ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பலமுறை திருத்தி எழுதப்பட்ட அச்சட்டம் 1898இல் பெற்ற வடிவமே சுதந்திரத்திற்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. 1973இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிணையில் விடத்தக்க குற்றம், பிணையில் விடத்தகாத குற்றம் என்னும் பாகுபாடு தொடர்ந்தது. முதல் வகையில் பிணை உரிமையாகும். இரண்டாம் வகையில் அது நீதிமன்றத்தின் முடிவைப் பொறுத்ததாகும்.

எனினும், உத்தரவு கிடைத்த உடனே சிறைக்கதவு திறந்துவிடுவதில்லை. இருநபர் ஜாமீன் வேண்டும். அவ்விருவருக்கும் சொத்து இருக்க வேண்டும். அதற்குச் சான்றும் வேண்டும். வசதி படைத்தவர் மாலைக்குள் வீடு திரும்புகிறார். கூலித் தொழிலாளியோ, உத்தரவைப் பெற்றும் சிறையிலேயே இருக்கிறார். குற்றம் ஒன்றாக இருந்தும், கையிலுள்ள பொருளைப் பொறுத்துச் சுதந்திரம் வேறுபடுகிறது. பிணைச் சீர்திருத்தத்தின் வரலாறு முழுவதும் இந்த அநீதியைச் சுற்றியே அமைந்துள்ளது.

ஒரு கொத்தனாரின் வழக்கு

மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் ஓர் ஏழைக் கொத்தனார். அவரைப் பிணையில் விடுமாறு உச்சநீதிமன்றமே ஆணையிட்டது. ஆயினும், கீழமை நீதிமன்ற நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். பொறுப்பேற்க முன்வந்த உடன்பிறந்தவரையும், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று கூறி ஏற்க மறுத்தார். மோத்தி ராம் மீண்டும் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1978 ஆகஸ்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு அவரை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் விடுவித்தது. பிழைப்புக்காக வெளியூர் சென்ற தமிழரோ மலையாளியோ தொலைதூர மாநிலத்தில் கைதானால், அவ்வூரில் சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே தேடுவார் என்னும் கருத்தையும் அத்தீர்ப்பு எழுப்பியது. ஊர்விட்டு ஊர் சென்று தொழில் செய்யும் நம் சமுதாயத்தினர் இக்கேள்வியின் பொருளை நன்கு அறிவர்.

ஹுசைனாரா காத்தூன்

அடுத்த ஆண்டு பீகார் சிறைகளின் அவலம் வெளிச்சத்திற்கு வந்தது. தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராயிருந்த கே. எஃப். ருஸ்தம்ஜி அச்சிறைகளைப் பார்வையிட்டுத் திரட்டிய செய்திகள் 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வெளியாயின. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். கைதிகளில் ஒருவரான ஹுசைனாரா காத்தூன் என்னும் முஸ்லிம் பெண்மணியின் பெயராலேயே அவ்வழக்கு இன்றளவும் வழங்கப்படுகிறது.

குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலத்தை, விசாரணையே நடைபெறாமல் சிறையில் கழித்தவர்கள் அங்கே இருந்தனர். பிணைத்தொகை செலுத்த இயலாமையும், எடுத்துரைக்க வழக்கறிஞர் இல்லாமையுமே அதற்குக் காரணம். விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்றும், ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்றும் நீதியரசர் பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சமூகத்தில் வேரூன்றியவராயும் தப்பியோட மாட்டாதவராயும் உள்ளவரைச் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்றும் அறிவுறுத்தியது. இவ்வழக்கின் விளைவாகப் பல்லாயிரம் விசாரணைக் கைதிகள் விடுதலையடைந்தனர்.

பின்வந்த மாற்றங்கள்

2005இல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2006 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. பிணையில் விடத்தக்க வழக்கில் ஒரு வாரத்திற்குள் பிணை தர இயலாதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது ஒரு மாற்றம். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்தவரைப் பிணையில் விட வேண்டும் என்பது மற்றொன்று. ஆயினும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. நால்வரில் மூவர் தீர்ப்புப் பெறாதவர்கள்!

அதே 2022 ஜூலையில், பிணைக்கென்றே தனிச்சட்டம் இயற்றுவது குறித்து ஆராயுமாறு உச்சநீதிமன்றம் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் மேலும் சில நெறிகளை வகுத்தது. பிணை உத்தரவு பெற்றவர் ஏழு நாட்களுக்குள் வெளிவராவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் பிணைப்பத்திரம் தர இயலாவிடில், நீதிமன்றம் தானாகவே நிபந்தனைகளைத் தளர்த்தலாம்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இன்னும் ஒருபடி முன்னேறியது. இதற்குமுன் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தாலே பிணை பெறலாம். சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. மரணதண்டனை அல்லது ஆயுள்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கும் இல்லை.

சிறப்புச் சட்டங்களின் கடுமை

தடா, பொடா, அவற்றுக்குப் பின் 2008இல் திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் ஆகியன பிணையை மிகவும் அரிதாக்கின. 1998 கோவைக் குண்டுவெடிப்பு அப்பாவி உயிர்களைப் பறித்த கொடுஞ்செயல். அதில் நமக்கு இருகருத்து இல்லை. ஆனால் அவ்வழக்கில் பிணை கிடைக்காமல் ஒன்பதாண்டுகளுக்கும் மேலாகச் சிறையிலிருந்த அப்துல் நாசர் மஅதனி 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித்தர இயலாது. விசாரணை அளவுகடந்து நீளும்போது, சிறப்புச் சட்ட வழக்குகளிலும் பிணை வழங்க உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2021இல் நஜீப் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது ஆறுதலளிக்கிறது.

நம் கடமை

குற்றமற்ற நபி யூசுஃப் (அலை) அவர்கள் பல்லாண்டுகள் சிறையில் இருந்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. தம்மைப் பற்றி மன்னரிடம் கூறுமாறு, விடுதலையாகிச் சென்ற சிறைத்தோழரிடம் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வெளியே சென்றவர் மறந்துவிட்டார், சிறைவாசம் நீண்டது. இன்று சட்டம் இருந்தும் பலர் உள்ளேயே இருப்பதற்கும், வெளியே இருப்போரின் மறதி ஒரு காரணமன்றோ?

எனவே நம் ஜமாஅத் சிலவற்றைச் சிந்திக்கலாம். சிறையிலுள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞரைப் பெறலாம் என்பதைக் குடும்பத்தார்க்கு அறிவிக்க வேண்டும். கைதான நாள், குற்றப்பிரிவு, பிணை உத்தரவின் நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்து, 479ஆம் பிரிவுக்குரிய காலம் கனிந்ததா எனக் கவனிக்க வேண்டும். ஏழைகளுக்காக ஜாமீன் நிற்க முன்வருவோரின் பட்டியலைப் பேணலாம். மாற்று மதச் சகோதரர்களுக்கும் அது பயன்பட வேண்டும்.

ஆனால் ஜாமீன் நிற்பது கையொப்பத்தோடு முடிவதன்று. அஃது ஓர் அமானிதம். பொறுப்பேற்றவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் நீதிமன்றம் அனுப்ப வேண்டும். அவர் தலைமறைவானால் பிணைத்தொகை பறிபோகும். பாதிக்கப்பட்டவருக்குரிய நீதியும் தடைப்படும். அடுத்த ஏழைக்கு ஜாமீன் கேட்க நமக்கு வாயும் இராது.

ஏழைக்கும் அநாதைக்கும் மட்டுமின்றிச் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்போரை இறைமறை சிறப்பித்துக் கூறுகிறது. அந்த நல்லோர் கூட்டத்தில் வல்ல நாயன் நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.