சைக்கிளுக்கு இராக்காவல்



எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த இருவர் (இப்போது அவர்களுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது) டிசம்பர் விடுமுறையில் சைக்கிளில் இராமேசுவரம் போகிறார்களாம். வழியில் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். "டீச்சர், பகல்ல பிரச்சினை இல்ல. ராத்திரி நாங்க தூங்கிட்டா சைக்கிளை யார் பாத்துக்கறது?" என்று போனில் கேட்டார்கள். அந்தச் சைக்கிளின் விலையைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய ஓராண்டுச் சம்பளம் அதற்குப் போதாது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் புதியதல்ல. நூற்று நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிளில் தூரப் பயணம் போனவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்ட கேள்வி. பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் தாமஸ் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். 1884 ஏப்ரல் 22 அன்று சான்பிரான்சிஸ்கோ பக்கமிருந்து புறப்பட்டார். அவர் ஓட்டியது முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் முறத்தளவுமாக இருக்கும் பழைய வண்டி. முன்சக்கரத்தின் விட்டம் 50 அங்குலம். கையில் கொண்டுபோன மூட்டை மிகச் சிறியது: காலுறை, மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அந்த மழைக்கோட்டுதான் இரவில் கூடாரம், அதுவேதான் படுக்கை! ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் என்று போய், ஆப்கானிஸ்தானில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டு, 1886இல் நம் நாட்டுக்கும் வந்து லாகூரிலிருந்து கல்கத்தா வரை ஓட்டினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் பயணத்தை முடித்தார்.

இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த உயரச் சக்கரத்தில் ஏறுவதற்கே பல நாள் பழக வேண்டும். திருடினவன் அதைத் தள்ளிக்கொண்டுதான் ஓட முடியும். ஓடினாலும், அந்த வட்டாரம் முழுவதற்கும் அது ஒன்றுதான் என்னும்போது யாரிடம் விற்பான்? ஆக, வண்டியே வண்டிக்குக் காவல். ஸ்டீவன்ஸுக்குத் தொல்லை கொடுத்தது திருடர்களைவிட வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான். ஊருக்கு ஊர் சூழ்ந்துகொண்டு, ஏறிக் காட்டு, ஓட்டிக் காட்டு என்று விடமாட்டார்களாம்.

1885இல் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஒரே அளவில், சங்கிலி வைத்த 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுகளில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். இன்று நாம் ஓட்டுவதும் ஏறக்குறைய அந்த வண்டிதான். யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டலாம் என்று ஆன நாளிலேயே, யார் வேண்டுமானாலும் ஏறி ஓடிவிடலாம் என்றும் ஆகிவிட்டது. பூட்டின் வரலாறு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் புதுவகை வண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பினவர்களில் ஒருவர் ஃபிராங்க் லென்ஸ், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர். 1892இல் புறப்பட்டு, சீனா, பர்மா வழியாக வந்து, கல்கத்தாவிலிருந்து கராச்சி வரை நம் நாட்டைக் கடந்தார். 1894 மே மாதம், பாரசீகத்தைத் தாண்டித் துருக்கியில் எர்சுரும் நகருக்குப் போகும் வழியில் காணாமல் போனார். மறு ஆண்டு சாக்ட்லெபன் என்ற இன்னொரு சைக்கிள் பயணி தேடிக்கொண்டு போய், அவர் வழியிலேயே கொல்லப்பட்டார் என்று தெரிந்துகொண்டு திரும்பினார். எங்கே படுப்பது என்பது சைக்கிளைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, பிள்ளைகளா.

கூடாரத்தையும் சைக்கிளையும் சேர்த்துவைத்த பெருமை ஒரு தையற்காரருக்கு உரியது. இலண்டனில் தையற்கலையில் பெயர் பெற்றிருந்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங், சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டுவண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். அந்த ருசி விடவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு இலேசான கூடாரத்தைத் தைத்து, 1897இல் நண்பர்களோடு அயர்லாந்துக்குப் போய்வந்து அடுத்த ஆண்டு புத்தகமும் எழுதினார். அதைப் படித்தவர்கள் சேர்ந்துகொள்ள, 1901இல் சைக்கிள் கூடாரப் பயணிகள் சங்கம் உருவானது. இதைப் படிக்கும்போது நான் கவனித்தது, கூட்டமாகப் போவது என்ற பழக்கம். நாலு சைக்கிளைச் சாய்த்து ஒன்றோடொன்று பிணைத்து, சுற்றிலும் நாலு பேர் படுத்தால், ஒன்றை உருவுவதற்குள் நாலும் சத்தம் போடும்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஹக்கீம், பாப்பசோலா, பூம்காரா ஆகிய மூவர் மட்டும் 1928 மார்ச்சில் பயணத்தை முடித்துத் திரும்பினார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர்! பாரசீகமும் மெசபொத்தேமியப் பாலைவனமும் அதில் அடக்கம். அவர்கள் எழுதிய நூலுக்கு நேரு முன்னுரை கொடுத்தார். நம் பாடப்புத்தகங்களில் இவர்களுக்கு நாலு வரி இருந்திருக்கலாம்.

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபின் சைக்கிள் மெல்ல மெல்ல நம் ஊர் வீடுகளுக்குள் வந்தது. வந்தபின் அதன் இடம் மாட்டுக்கு அடுத்தது. சங்க காலத்தில் போரே மாட்டைக் கவர்வதில்தான் தொடங்கியது. தொல்காப்பியர் ஆநிரை கவர்வதையும் மீட்பதையும் வெட்சிக்குள்ளேயே வைத்தார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை மீட்பதைக் கரந்தை என்று பிரித்தது. (வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பீர்கள், நினைவிருக்கிறதா?) பின்னாளில் தெற்குச் சீமையில் களவு போன மாட்டைத் திரும்பப் பெறத் துப்புக்கூலி கொடுக்கும் வழக்கம் இருந்தது. சைக்கிளுக்கு அதுவும் கிடையாது. போனால் போனதுதான்.

விடிய விடியக் கூத்து நடக்கும் ஊர்களுக்கு எங்கள் அப்பா காலத்து ஆண்கள் சைக்கிளில்தான் போவார்கள். பனைமரத்தைச் சுற்றி ஏழெட்டு வண்டிகளை நிறுத்தி, ஒரே சங்கிலியைச் சட்டங்களுக்குள் கோத்து ஒரு பூட்டு. சாவி அந்தக் கூட்டத்திலேயே தூக்கம் வராதவரிடம். வீட்டில் என்றால் திண்ணைத் தூணோடு கட்டி, பக்கத்தில் அப்பாவின் பாய். ஒரு சைக்கிள் போனால் வேலைக்குப் போவது, பால் ஊற்றுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் நின்றுபோகும். இத்தாலியின் டி சிக்கா 1948இல் எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தில் இதைத்தான் காட்டினார். அடகு வைத்த சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் வைப்பாள். வேலைக்குப் போன முதல் நாளே அது களவு போகும். பார்க்காதவர்கள் பாருங்கள்.

பூட்டைப் பற்றி இரண்டு செய்திகள். 1965இல் ஆம்ஸ்டர்டாமில் 'புரோவோ' என்ற இளைஞர் குழு, வெள்ளை அடித்த சைக்கிள்களைப் பொதுவுக்கு என்று பூட்டாமல் தெருவில் விட்டது. பூட்டாத சைக்கிள் திருட்டைத் தூண்டும் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அவர்கள் எண்பூட்டு மாட்டி, திறக்கும் எண்ணைச் சைக்கிள் மேலேயே எழுதிவைத்தார்கள்!

அமெரிக்காவின் கிரிப்டோனைட் நிறுவனம் 'U' வடிவ இரும்புப் பூட்டைச் சோதிக்க, 1972இல் நியூயார்க்கில் ஒரு சைக்கிளைத் தெருக்கம்பத்தோடு பூட்டி முப்பது நாள் விட்டது. கழற்ற முடிந்த பாகங்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். பூட்டு அப்படியே இருந்தது. அந்நிறுவனத்தின் பூட்டுகளில் ஒருவகை, 2004இல், பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் சாவித்துளையில் அழுத்தித் திருகினால் திறக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்துபோனது. நிறுவனம் புதிய பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

ஆகவே இராமேசுவரம் போகும் தம்பிகளே, பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். அது வண்டியை ஓடாமல் தடுக்கும், தூக்கிப்போவதைத் தடுக்காது. இரண்டு வண்டியையும் எதிரெதிர் முகமாக நிறுத்தி, சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் விடாமல் இரண்டு சட்டத்துக்குள்ளும் கோத்து, மேலே உருவ முடியாத மரத்தோடு பூட்டுங்கள். ஒரு கயிற்றைச் சைக்கிளிலிருந்து கூடாரத்துக்குள் இழுத்து, ஒரு தகர டம்ளரையும் கட்டிவிடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். புகார் எழுத நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும். சாலையிலிருந்து தெரியும் இடத்தில் கூடாரம் வேண்டாம். பக்கத்து வீட்டிலோ பெட்ரோல் பங்கிலோ சொல்லிவிட்டுப் படுங்கள். தஞ்சாவூர் வழியாகப் போனால் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைப் பாருங்கள். இராமேசுவரம் போகிறவர்கள் இரவு தங்கவும் சாப்பிடவும் சரபோஜி மன்னர் கட்டியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்பெல்லாம் சைக்கிளுக்கு வரி கட்டினால் நகராட்சியில் ஆண்டும் எண்ணும் பொறித்த சிறிய உலோக வில்லை கொடுப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ ஒன்று கிடந்தால், எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுக் கீழே படம் போடுங்கள். நான் மூன்று வைத்திருக்கிறேன், நாளைக்குப் பதிவிடுகிறேன்.