ஐம்பது பவுண்டு மனிதரும் அவருக்கென வந்த இதழ்களும்

வெள்ளிக்கிழமை மாலை. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் வழியில், நாற்பதைக் கடந்த ஓர் ஆங்கிலேயர் இசைக்கடை ஒன்றினுள் நுழைகிறார். அரைமணி நேரம் கழித்து வெளியே வரும்போது அவர் கையில் இரண்டு குறுந்தகடுகள், ஒரு டிவிடி, ஒருவேளை ஒரு புத்தகமும் இருக்கின்றன. செலவு ஐம்பது பவுண்டு. இதற்கு மனைவியிடம் என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்தபடியே நடக்கிறார். 2003-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டிஷ் இதழாளர் டேவிட் ஹெப்வொர்த் தீட்டிக்காட்டிய சித்திரம் இது. 'ஐம்பது பவுண்டு மனிதர்' என்று அவர் சூட்டிய பெயர் அந்நாட்டு இசைத்தொழில் வட்டாரமெங்கும் பரவியது.

ராக், பாப் இசை என்றாலே இளைஞர் கூட்டம் என்று எண்ணிப் பழகிய ஒரு தொழில், தன் கல்லாவை நிரப்புபவர் நரைதட்டத் தொடங்கியவர் என்பதை ஒப்புக்கொண்ட தருணம் அது. அப்படியானால் அவருக்கென்று ஓர் இதழ் வேண்டாமா? நடத்தினால் அவர் வாங்குவாரா? பிரிட்டனில் இந்தக் கேள்வி இருபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை தீவிரமாகக் கேட்கப்பட்டது. மூன்று முறையும் விடை ஒன்றாக இருக்கவில்லை. இதழ்கள் பிறப்பதையும் மறைவதையும் அருகிருந்து பார்த்துப் பழகிய நம்மைப் போன்ற வாசகர்களுக்கு அந்த வரலாற்றில் எண்ணிப் பார்க்கச் சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1926-இல் தொடங்கப்பட்ட 'மெலடி மேக்கர்' இசைக்கலைஞர்களுக்கான தொழில்முறை ஏடாகவே பிறந்தது. 1952-இல் வந்த 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டனின் முதல் தனிப்பாடல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டு, கவனத்தைக் கலைஞரிடமிருந்து வாங்குபவரிடம் திருப்பியது. பீட்டில்ஸ் அலை வீசிய அறுபதுகளில் வாங்குபவர் என்பதற்கு இளைஞர் என்றே பொருள். இவ்வார ஏடுகள் அவ்விளைஞரின் வயதை நிலையானதாகவே வைத்துக்கொண்டன. ஆள் மட்டும் மாறிக்கொண்டிருப்பார். 1976-இல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' புதிய எழுத்தாளர்களைத் தேடி வெளியிட்ட விளம்பரம் துடிப்புமிக்க இளந்துப்பாக்கி வீரர்களையே அழைத்தது. பங்க் இசையின் காலம் அது. முந்தைய தலைமுறையின் நாயகர்களை வீழ்த்துவதே விமர்சனத்தின் வேலை என்று கருதப்பட்டது. இருபத்தைந்து வயதை எட்டிய வாசகர் ஏட்டைக் கைவிட்டுவிடுவார் என்பது எழுதப்படாத விதி. அவர் இசையை விட்டாரா, ஏட்டை மட்டும் விட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு தொழில்நுட்பம். 1982-இல் ஜப்பானிலும் 1983-இல் ஐரோப்பாவிலும் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் கருவியும் தகடும் விலை உயர்ந்தவை. மாணவர்களால் எளிதில் வாங்க இயலாதவை. சம்பளம் வாங்குபவர்கள் வாங்கினார்கள். 1985-இல் வெளியான டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'ப்ரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' குறுந்தகட்டு வடிவில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் ஆல்பம் என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு ஜூலை 13 அன்று நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் அறுபதுகளின், எழுபதுகளின் நாயகர்கள் மீண்டும் மேடையேற, உலகமே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது. அதை பிபிசியில் தொகுத்து வழங்கியவர்களுள் இருவர் ஹெப்வொர்த்தும் அவரது நண்பர் மார்க் எல்லனும். 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்னும் பதின்வயதினர் இதழில் பணியாற்றித் தேர்ந்தவர்கள் இவர்கள். பழைய கலைஞர்களுக்கு இன்னமும் ஒரு பெருங்கூட்டம் இருப்பதும், அக்கூட்டத்திற்கு வாசிக்க எதுவும் இல்லாதிருப்பதும் இவர்கள் கண்ணில் பட்டன.

1986 அக்டோபரில் எமாப் நிறுவனத்தின் வெளியீடாக 'கியூ' மாத இதழ் பிறந்தது. இசைத்தட்டின்மேல் முள்ளைப் பொருத்தும் செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே முதலில் பெயராக எண்ணியிருந்தார்கள். அச்சொல் ஸ்னூக்கர் ஆட்டக்கோலையும் குறிக்கும் என்பதால், விளையாட்டு இதழ் என்று மயங்கிவிடுவார்களோ என்று அஞ்சி அதே ஒலியுடைய ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார்களாம். முதல் இதழின் அட்டையில் பால் மக்கார்ட்னி. வார ஏடுகளின் கண்ணில் காலாவதியான அதே மக்கார்ட்னிதான்.

தன் வாசகர் வயது முதிர்ந்தவர் என்று 'கியூ' எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 'இசைக்கும் இன்னபிறவற்றுக்குமான நவீன வழிகாட்டி' என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. வழவழப்பான தாள், தெளிவான நிழற்படங்கள், நீண்ட நேர்காணல்கள், இதழின் பின்பகுதியில் நட்சத்திர மதிப்பெண்களுடன் பக்கம் பக்கமாக விமர்சனங்கள். புதிய ஆல்பங்களோடு குறுந்தகட்டில் மறுபதிப்பாக வரும் பழைய ஆல்பங்களும் அதே மரியாதையுடன் விமர்சிக்கப்பட்டன. 1987-இல் பீட்டில்ஸ் ஆல்பங்கள் குறுந்தகட்டில் வரத் தொடங்கியபோது, ஏற்கெனவே இசைத்தட்டாக வைத்திருந்தவர்களும் அவற்றை மீண்டும் வாங்கினார்கள். ஒரே இசையை இரண்டாம் முறை விற்க இசை நிறுவனங்களுக்குக் கிடைத்த பெருவாய்ப்பு அது. அதற்கான விளம்பரங்கள் 'கியூ'வின் பக்கங்களை நிரப்பின. வாசகருக்கு வழிகாட்டி, நிறுவனத்திற்குச் சந்தை என்று இருவரும் ஒரே இடத்தில் சந்தித்தனர். இந்தப் பொருத்தமே பின்னாளில் சிக்கலாகவும் மாறியது.

இரண்டாம் முயற்சி 1993-இல் நிகழ்ந்தது. முன்னர் 'கியூ'வின் ஆசிரியராக இருந்த பால் டு நோயர் அதே எமாப் நிறுவனத்திலிருந்து 'மோஜோ'வைத் தொடங்கினார். நவம்பரில் வந்த முதல் இதழின் அட்டையில் பாப் டிலனும் ஜான் லெனனும். 'கியூ' ஒரு வழிகாட்டி என்றால் 'மோஜோ'வை ஓர் ஆவணக்காப்பகம் எனலாம். ஓர் ஆல்பம் எந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் எவ்விதம் உருவானது, எவரோடு எவர் பிணங்கினார், வெளியாகாமல் போன பாடல்கள் எவை என்று பல பக்கங்களுக்கு விரியும் கட்டுரைகள் அதன் அடையாளம். வரலாற்று ஆய்வுக்குரிய பொறுமையோடு பாப் இசையை அணுகிய இதழ் அது. 1997-இல், 'மெலடி மேக்கர்' ஏட்டின் ஆசிரியராக இருந்த ஆலன் ஜோன்ஸ் இசையையும் திரைப்படத்தையும் இணைத்து 'அன்கட்' இதழைத் தொடங்கினார். இவ்விரண்டும் நிலைத்தன. மாறாக, 'மெலடி மேக்கர்' 2000 டிசம்பரோடு தன் போட்டி ஏட்டுடன் இணைந்து மறைந்தது. முதியவர்களின் இதழ்கள் நிற்க, இளைஞர்களின் ஏடு வீழ்ந்தது.

மூன்றாம் முயற்சியே நம்மை மிகவும் ஈர்ப்பது. 2003-இல் ஹெப்வொர்த்தும் எல்லனும் நண்பர்களும் 'டெவலப்மெண்ட் ஹெல்' என்ற சிறு நிறுவனத்தை அமைத்து 'வேர்ட்' என்ற மாத இதழைத் தொடங்கினர். பின்னர் அது 'தி வேர்ட்' ஆயிற்று. 'ஐம்பது பவுண்டு மனிதர்' எனும் சித்திரம் பிறந்த சூழல் இதுதான். அவ்வாண்டு கிராமி விருது விழாவில் நோரா ஜோன்ஸ் ஐந்து விருதுகளை அள்ளிச் சென்றிருந்தார். அவரது முதல் ஆல்பத்தைக் கோடிக்கணக்கில் வாங்கியவர்களுள் பதின்வயதினரைவிடப் பெரியவர்களே மிகுதி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சந்தை இருப்பது கண்ணெதிரே தெரிந்தது.

ஆனால் 'தி வேர்ட்' அந்தச் சந்தையை 'மோஜோ'வைப் போல அணுகவில்லை. வயதானவருக்கு அவரது இளமையை மட்டும் திருப்பித் தந்தால் போதும் என்பதை அது ஏற்க மறுத்தது. இசை, புத்தகம், திரைப்படம், தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றையும் பற்றி, அறிவுள்ள நண்பர்கள் மாலையில் கூடிப் பேசுவது போன்ற தொனியில் எழுதியது. புதிய இசைக்குழுக்களைத் தேர்ந்தெடுத்து அட்டையோடு ஒரு குறுந்தகடாகவும் தந்தது. நாற்பத்தைந்து வயதிலும் ஒருவருக்குப் புதியதைக் கேட்கும் ஆவல் இருக்கும். அதற்கான நேரம்தான் குறைவு. ஆகவே நம்பத்தகுந்த ஒருவர் தேர்ந்து சொன்னால் அவர் மகிழ்வார் என்பதே இதழின் அடிப்படை நம்பிக்கை. வாசகரை அவரது ஆவலைக் கொண்டு அளந்த இதழ் என்று இதனை நாம் மதிக்கிறோம்.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஹெப்வொர்த்தின் சித்திரத்தில் இருப்பவர் ஓர் ஆண். நோரா ஜோன்ஸின் குறுந்தகட்டைக் கூடையில் போட்டுக்கொண்ட பெண்கள் அதில் இல்லை. அவர்களுள் பலருக்கு இசை வாழ்க்கையோடு இயல்பாகக் கலந்த ஒன்று. பட்டியலிட்டு விவாதிக்க வேண்டிய துறையாக அதைக் கருதாதவர்கள். மூத்த இசை வாங்குநர்கள் எல்லோரும் இதழ் வாசகர்கள் அல்லர். இசையை வாங்குவதோடு நில்லாமல் அதைப்பற்றிப் பேசவும் வேண்டும் என்ற தாகம் உடைய ஒரு பகுதியினருக்கே இதழ் தேவைப்பட்டது. சந்தையின் அளவைக் கணக்கிட்டவர்கள் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

'தி வேர்ட்' பிறந்த அதே 2003-இல்தான் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. அடுத்த ஆண்டு அது பிரிட்டனுக்கும் வந்தது. ஐம்பது பவுண்டு மனிதர் வெள்ளிக்கிழமைகளில் நுழைந்த கடைகள் ஒவ்வொன்றாக இருண்டன. குறுந்தகடுகளைப் பெருமளவில் விற்ற உல்வொர்த்ஸ் கடைகள் 2009 ஜனவரியில் மூடப்பட்டன. வர்ஜின் மெகாஸ்டோர்களின் வாரிசான 'ஸாவி'யும் அதே காலத்தில் வீழ்ந்தது. 2008-இல் ஸ்பாட்டிஃபை வந்தபின் மாதச் சந்தா ஒன்றில் உலகின் பாடல்களெல்லாம் அடங்கின. விற்பதற்குத் தகடு இல்லாத நிறுவனத்திற்கு விளம்பரம் எதற்கு? 2012 ஜூன் இறுதியில் 'தி வேர்ட்' நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் தேதியிட்ட 114-ஆம் இதழே கடைசி.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கதை இன்னும் தெளிவாக நடந்திருந்தது. அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து கிளைத்த இசைக்கென 1995-இல் தொடங்கிய 'நோ டிப்ரஷன்' 2008-இல் அச்சை நிறுத்தியபோது, இசை நிறுவனங்களின் விளம்பர வருவாய் சரிந்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதழை விரும்பிய வாசகர்கள் அப்போதும் இருந்தார்கள். வாசகர் தந்த விலை இதழின் செலவில் ஒரு பகுதியையே ஈடுகட்டியது. மீதியைத் தந்துகொண்டிருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

'கியூ'வின் முடிவு வேறு வகையானது. 2001 வாக்கில் 2 லட்சம் படிகள் விற்ற அவ்விதழ், இளையவர்களையும் விடக்கூடாது, மூத்தவர்களையும் விடக்கூடாது என்று பலமுறை வடிவம் மாறியது. கொரோனாத் தொற்றுக்காலத்தில், 2020 ஜூலையில், விற்பனை 28,000 அளவில் இருந்தபோது நின்றுபோனது. அதற்கு முன்பே 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' 2015-இல் இலவச ஏடாக மாறி, 2018 மார்ச்சில் வாராந்திர அச்சை நிறுத்தியிருந்தது. 'மோஜோ'வும் 'அன்கட்'டும் இன்றும் மாதந்தோறும் வருகின்றன. பழைய ஆல்பங்களின் ஆடம்பர மறுபதிப்புகளும், மீண்டெழுந்த வினைல் தட்டுகளும் அவற்றின் பொருளாதாரத்திற்கு ஏற்றவை. 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் குறுந்தகடுகளை முந்தின. 1987-க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

ஆகவே, மூத்த இசை வாங்குநர்கள் தமக்கென ஓர் இதழை விரும்பினார்களா? விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'வயதானவர்களுக்கான இதழ்' என்ற பெயர்ப்பலகையோடு வரும் ஒன்றை அவர்கள் நாடவில்லை. தம் வயதைக் குறித்து மௌனமாகவும் தம் இரசனையைக் குறித்து அக்கறையாகவும் இருந்த இதழ்களையே நாடினார்கள். அவர்களது இறந்தகாலத்தைப் பேசிய இதழ்கள் பிழைத்தன. நிகழ்காலத்தைப் பேசிய இதழ் மறைந்தது. இதைக்கொண்டு மூத்தவர்களுக்குப் பழமைதான் வேண்டும் என்று தீர்ப்பு எழுதுவது அநீதி. பழமையை விற்பதற்கு ஒரு வணிகம் எஞ்சியிருந்தது, ஆவலை விற்பதற்கு இல்லை என்பதே உண்மைக்கு அருகில் உள்ளது.

அந்த ஆவல் அழிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. 'தி வேர்ட்' நின்றபின் அதன் வாசகர்களே தமக்குள் ஒரு தளம் அமைத்து உரையாடலைத் தொடர்ந்தனர். ஹெப்வொர்த்தும் எல்லனும் ஒலிப்பதிவு உரையாடல்களாகத் தம் பேச்சைத் தொடர்ந்தனர். 'நோ டிப்ரஷன்' 2015-இல் வாசகர்களிடம் நிதி திரட்டி, விளம்பரமே இல்லாத காலாண்டிதழாக அச்சுக்குத் திரும்பியது. சந்தாவை நண்பர்களிடம் கேட்டுப் பெற்று நடந்த நம் சிறுபத்திரிகைகளை அறிந்தவர்களுக்கு இவ்வழி புதிதன்று. ஐம்பது பவுண்டில் சில பவுண்டுகள் இதழுக்கே நேரடியாகச் சென்றிருந்தால் 'தி வேர்ட்' இன்னும் சில ஆண்டுகள் வந்திருக்குமோ என்று நமக்குத் தோன்றுகிறது. ஓர் இதழை விரும்புவதும் அதைத் தாங்கிப் பிடிப்பதும் வேறு வேறு என்பதை, அது நின்றபிறகே நாமும் பல நேரங்களில் உணர்கிறோம்.