பொம்மை வீடும் குரும்பட்டித் தேரும்: வீட்டுச் சாமானில் பிறந்த ஒரு வரலாறு

 

பாடசாலை விடுமுறை வந்தால் தாய்மார் என்னிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. பிள்ளையின் கையிலிருந்து ஃபோனை எப்படி எடுப்பது? பொம்மை வீடு, குட்டிச் சமையல் செட் எல்லாம் கடையில் விலையாக இருக்கிறதே, என்ன செய்வது? பொம்மை வைத்து விளையாடுவது மார்க்கத்தில் கூடுமா? தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஒரு வரலாற்றுப் பாடமாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

மதீனாவில் இருந்து தொடங்குவோம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடினார்கள், தோழிகளும் வந்து சேர்ந்து விளையாடினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. அபூதாவூதில் இன்னும் விரிவாக ஒரு சம்பவம் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் கைபரில் இருந்தோ தபூக்கில் இருந்தோ திரும்பி வந்த நேரம். மாடத்தை மறைத்திருந்த திரையைக் காற்று விலக்குகிறது. உள்ளே பொம்மைகள். நடுவில் துண்டுத் துணியால் செய்த இரண்டு சிறகுகளோடு ஒரு குதிரை. இது என்ன, நடுவில் இருப்பது என்ன, அதன் மேல் இருப்பது என்ன என்று நபியவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியக்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பல் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

சட்டப் பகுதியை நமது உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிஞர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு இடம் தந்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியராக நான் கவனிப்பது வேறு. அந்தச் சிறகு துண்டுத் துணி. பார்த்த பெரியவர் முதலில் செய்தது கேள்வி கேட்டது. பிள்ளை காரணம் சொன்னதும் செய்தது சிரித்தது. நம்மில் எத்தனை பேர் பிள்ளை செய்த பொருளைப் பார்த்து மூன்று கேள்வி கேட்கிறோம்?

இன்னொரு செய்தியும் உண்டு. ஆஷூரா நோன்பு நாளில் சிறு பிள்ளைகளையும் நோன்பு பிடிக்கப் பழக்கினோம், அவர்கள் உணவுக்கு அழுதால் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுப்போம் என்று ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வீட்டில் கிடந்த கம்பளிதான் பசியை மறக்கச் செய்த விளையாட்டுப் பொருள்.

தமிழ் இலக்கியத்துக்கு வருவோம். பெண் பிள்ளைகள் மணலில் கட்டும் சிறு வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். சங்கப் பாடல்களிலேயே அது வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. அதற்கும் இரண்டாயிரம் ஆண்டு முந்திய ஹரப்பா, மொஹெஞ்சதாரோ அகழ்வுகளில் சுட்ட மண்ணில் செய்த குட்டி மாட்டு வண்டிகள் கிடைத்திருக்கின்றன. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் ஆண் குழந்தைக்குரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். நபியவர்கள் மீது முஸ்லிம் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். இதில் ஒரு சங்கதி கவனியுங்கள். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் வீடு கட்டுவார்கள், எங்கள் வீட்டை உடைக்காதே என்று பையனிடம் கெஞ்சுவார்கள். கட்டுவது பெண், உடைப்பது ஆண். அந்தப் பங்கீடு இன்றும் பல வீடுகளில் அப்படியேதான் இருக்கிறது. மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டப் பழக்குங்கள்.

இனி ஐரோப்பா. நாம் இன்று கடையில் காணும் பொம்மை வீட்டின் பூர்வீகம் அங்கேதான். ஆனால் அது பிள்ளைகளுக்காகப் பிறக்கவில்லை. பவேரியாவின் ஐந்தாம் அல்பிரெக்ட் கோமகன் 1558 அளவில் செய்வித்த பொம்மை வீடு, அவருடைய அரும்பொருள் சேகரிப்பில் ஒன்றாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வந்தப் பெண் 1686 தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பொம்மை வீட்டை நிரப்பினார். அதற்கு ஆன செலவில் அந்நகரின் கால்வாய்க் கரையில் உண்மையான வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். இன்று அது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரித்தானியாவின் மேரி அரசிக்காகக் கட்டடக் கலைஞர் லட்டியன்ஸ் வடிவமைத்த பொம்மை வீடு 1924இல் முடிந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், நூலகத்தில் தபால் தலை அளவுப் புத்தகங்கள். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கொனன் டொயில்கூட ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் அதை மக்களுக்குக் காட்டினார்கள். அந்தக் கண்காட்சியில் நமது இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது.

அழகான வீடுகள்தான். ஆனால் எந்தப் பிள்ளையும் அதில் கை வைக்க முடியாது. செலவு செய்து வாங்கி அலுமாரியில் பூட்டிய பொம்மைக்கு இதுதான் கதி, நமது வீட்டிலும்.

பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்தவர் ஜெர்மனியின் ஃப்ரோபல். 1837இல் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் சிறுவர்களுக்காக ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். 'கிண்டர்கார்டன்' என்ற பெயர் பிறகு 1840இல் வந்தது. அவருடைய செயற்பாடுகளில் ஒன்று பட்டாணி வேலை. பட்டாணிக் கடலையை ஊற வைத்து, பல் குத்தும் குச்சியால் ஒன்றோடொன்று குத்தி இணைப்பது. கதிரை, மேசை, வீட்டுக் கூரை எல்லாம் வரும். காய்ந்ததும் இணைப்பு இறுகிவிடும்.

அமெரிக்காவில் அதே பட்டாணி வேலையைச் சிறுவயதில் செய்த ஒருவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். கடுமையான பார்வைக் குறைபாடு, அந்த நேரம் கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தாம் பார்த்த வீட்டைப் போல் சதுரமாகக் கட்ட, இவர் விரலால் தடவிப் பார்த்து, எது ஆடாமல் நிற்கிறதோ அதைக் கட்டினார். அது முக்கோணம். 1967இல் மொன்ட்ரியல் கண்காட்சியில் அவர் அமைத்த கோளக் கூரையின் விட்டம் 76 மீற்றர். அடிப்படை அதே முக்கோணம்தான்.

இதை வாசிக்கும்போது நமது மூத்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். குரும்பட்டித் தேர்! தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டி, ஓலையில் வார்ந்த ஈர்க்கு. குரும்பட்டியில் ஈர்க்கைக் குத்தித் தேர் கட்டுவது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. சிங்களப் பிள்ளைகளும் குரும்பட்டியில் வண்டியும் யந்திரமும் செய்வார்கள். ஃப்ரோபலின் பட்டாணிக்குப் பதில் குரும்பட்டி, குச்சிக்குப் பதில் ஈர்க்கு. முறை ஒன்றேதான். ஜெர்மனியில் அது பாடத்திட்டம் ஆனது. நமது நாட்டில் அதை "சும்மா விளையாட்டு" என்று விட்டுவிட்டோம்.

1970 முதல் 1977 வரை இந்த நாட்டில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. பாணுக்கும் துணிக்கும் வரிசை. அப்படியான காலத்தில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமானை யார் நினைப்பார்? அந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி பஸ்ஸானது, சிரட்டை சட்டியானது, நூல்கட்டை சக்கரமானது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, பிளாஸ்டிக் வந்து குவிந்தது. கைவேலை மெல்ல "இல்லாதவன் விளையாட்டு" என்ற பெயரை எடுத்தது. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. கடையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அப்போது பார்த்தோம்.

வீட்டுப் பொருளில் செய்த குட்டி வீடு பெரிய விடயத்துக்கும் உதவும் என்பதற்கு ஒரு சாட்சி ஃபிரான்செஸ் கிளெஸ்னர் லீ. 1878இல் சிக்காகோவின் செல்வந்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மர்மச் சாவுகள் ஒழுங்காக விசாரிக்கப்படாமல் போவதைக் கண்டு, பொலிஸாரைப் பயிற்றுவிப்பதற்காக 1940களில் பொம்மை வீடுகள் செய்தார். அதுவும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதான். பொம்மைக்குரிய காலுறையைக் குண்டூசி அளவு ஊசிகளில் தன் கையாலேயே பின்னினார். சுவரில் பட்ட கறை, மேசையில் கிடக்கும் பாத்திரம் என்று ஒவ்வொன்றும் ஒரு தடயம். அதைக் கவனமாகப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. நியூ ஹெம்ப்ஷயர் மாநிலப் பொலிஸ் 1943இல் அவரைக் கப்டனாக நியமித்தது. அவர் செய்த வீடுகள் இன்றும் பால்டிமோரில் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. "பொம்பிளைப் பிள்ளை விளையாட்டு" என்று ஒதுக்குகிற வேலை, நீதிக்குச் சேவை செய்தது.

பக்கத்து நாட்டில் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியியலாளர். 1970களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பாடசாலைகளுக்கான விஞ்ஞானக் கல்வித் திட்டத்தோடு சேர்ந்தார். அங்கே சைக்கிள் வால்வ் டியூபைச் சிறு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி இணைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மீண்டும் அதே குரும்பட்டியும் ஈர்க்கும்! 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தன் நூல்களை யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறார்.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன்? ஒரு வகுப்பில் "நான் வாழும் வீடு" என்று மாதிரி செய்து வரச் சொன்னால், பத்துப் பேர் கடையில் வாங்கியதைக் கொண்டு வருகிறார்கள். இன்னும் பத்துப் பேருடையது தாய்மார் இரவு முழுக்கக் கண்விழித்துச் செய்தது. தானாகச் செய்த பிள்ளை தன் தீப்பெட்டி வீட்டை மேசைக்குக் கீழே மறைக்கிறது. மறைக்கிற அந்தப் பிள்ளைதான் அன்று படித்த பிள்ளை. நமது மஹய்யாவயில் ஒரே அறைக்குள் முழுக் குடும்பமும் வாழும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை மட்டையில் படிப்பறை ஒன்று வைத்துக் கட்டினால், அது ஒரு கனவின் வரைபடம். அதை வெட்கப்பட வைக்க நமக்கு உரிமை இல்லை.

விடுமுறைக்கு இப்படித் தொடங்குங்கள். சப்பாத்துப் பெட்டி ஒன்று அறையாகட்டும். அளவு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். 9 அடிச் சுவர் 9 அங்குலம், 30 அங்குல மேசை இரண்டரை அங்குலம். தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணித வேலை இல்லை. தீப்பெட்டி மூன்றை ஒட்டினால் இழுப்பறை அலுமாரி. பற்பசை மூடி பூச்சாடி. பழைய சட்டைப் பொத்தான் சாப்பாட்டுத் தட்டு. வெறுமையான மாத்திரை அட்டையின் குமிழ் விளக்குக் கூடு. ஐஸ்கிரீம் குச்சி கட்டில் பலகை. தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத் துணி கிடைக்கும், திரைக்கும் மெத்தைக்கும் போதும். பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சுங்கள். இரண்டு கோப்பை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை அளவு தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் குட்டி அப்பமும் ரொட்டியும் வட்டிலப்பமும் செய்து வெயிலில் காயவைக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் பொத்தான், பட்டாணி எதையும் எட்டும் இடத்தில் விடாதீர்கள். கத்தி வேலை பெரியவர் கையில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் திருத்தப் போகாதீர்கள். சுவர் சரிந்திருந்தால் சரிந்தபடி இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து இது என்ன, நடுவில் இருப்பது என்ன, ஏன் அப்படி வைத்தாய் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுச் சிரியுங்கள்.

மூத்தவர்களே, நீங்கள் சிறு வயதில் எதை வைத்து என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நமது ஊரின் அந்த வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.