விளைக்கு வந்த மரச்சீனி

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமரவிளை என்றாலே லாரிகளை மறித்துச் சோதனையிடும் சாவடிதான் பிரயாணிகளின் ஞாபகத்துக்கு வரும். 1956 நவம்பர் முதல் தேதியன்று விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டதனால் இவ்வட்டாரத்துக்கு வாய்த்த கீர்த்தி அது. எல்லைக்கோடு விழுவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, கோட்டின் இருபுறத்துச் செம்மண் விளைகளுக்கும் பொதுவான ஆகாரமாக மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு வேரூன்றத் தொடங்கியிருந்தது.

தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரையை அடைந்த இச்செடியைத் திருவிதாங்கூர் சமஸ்தானமெங்கும் பரப்ப முனைந்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஏலாவில் நெல் பொய்த்தாலும் மேட்டில் ஒரு மூடு மரச்சீனி நிற்கும் என்ற தைரியத்தைக் குடிகளுக்கு அளித்தது இது. விஷமென்று அஞ்சியவர்களுக்கு, அவித்த நீரைக் கொட்டிவிட்டு உண்ணும் பக்குவத்தையும் அவரே கற்பித்தார் என்பார்கள். 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்து பர்மா அரிசி நின்றுபோனபோது, அதுவரை ஏழைக் கிழங்கென்று முகஞ்சுளித்த வீடுகளிலும் மரச்சீனியும் மீன்குழம்புமே இராச் சாப்பாடாயின.

மேட்டு விளையின் கோடையை மரச்சீனி எப்படித் தாங்குகிறது? மக்காச்சோளத்தின் வறட்சி தாங்கும் சக்தியை ஆராய்கிறவர்கள் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவி, அது எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்று அளக்கிறார்கள். மரச்சீனியைக் கிழங்கின் பருமனால் அவ்விதம் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஏனெனில் கிழங்கு மாவைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமேயன்றி நீர் தேடும் உறுப்பன்று. நீருக்காக ஆழத்தில் இறங்குவன வேறு மெல்லிய வேர்கள். அவையும் தொகையில் சொற்பம். செடியின் சாமர்த்தியமெல்லாம் இலையில் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை காயும் விளையில், காற்று வறண்டதுமே அது இலைத்துளைகளை மூடிக்கொண்டு, கீழிலைகளை உதிர்த்து, தளிரையும் சிறுக்கவிட்டு, கோடைமழை விழுந்ததும் மறுபடி தழைக்கிறது. தண்டுக் கம்பை நட்ட முதல் சில வாரங்களில் மட்டும் ஈரம் வேண்டும். இலை உதிர்வதிலும் நஷ்டம் உண்டாகையால், கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையத்தார் வறட்சியிலும் இலையைத் தக்கவைக்கும் வகைகளைத் தெரிந்தெடுக்க முற்பட்டார்கள்.

வறட்சி இன்னொரு தொல்லையும் தருகிறது: கிழங்கில் சயனைடு மிகுந்து கசப்பேறுகிறது. ஆதலால் இந்த விளைகளில் பயிர் தேறவேண்டிய பரீட்சைகள் இரண்டு. கோடையைத் தாங்குவதோடு, அடுப்பில் அவித்தால் குழைந்து, கசக்காமலும் இருக்கவேண்டும். வாய்க்குப் பிடிக்காத வகையின் கம்பை மறுவருஷத்துக்கு யார் எடுத்துவைப்பார்கள்? தலைமுறைதோறும் பானையருகே நடந்துவந்த இந்தத் தேர்வு, எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை என்பது என் மனத்தாங்கல்.

திருவனந்தபுரத்துக்கடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட பிறகு இவ்வேலை சாஸ்திரமுறைப்படி நடைபெறலாயிற்று. 1977-இல் அங்கிருந்து வெளிவந்த, சற்றே மஞ்சள் சதையுள்ள ஸ்ரீ விசாகம் என்ற ரகம் மகாராஜாவை நினைவூட்டுகிறது. அதற்குச் சில வருஷம் முந்திய எச் 165, எச் 226 என்ற ரகங்களோ எல்லை கடந்து சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்து நிலங்களுக்குப் போய், ஜவ்வரிசி ஆலைகளின் அபிமானத்தைப் பெற்றன; ஆலைக்காரர் விசாரித்தது மாவு எவ்வளவு தேறும் என்பதையே.